ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? காரைக்குடிப் புறநகரில் நான் பார்த்த பள்ளிகள்

எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்தாக வேண்டும். இந்த வருஷம் எங்கள் தெருவில் மட்டும் ஏழு பிள்ளைகள் ஐந்தை முடிக்கிறார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. தை பிறந்ததிலிருந்து குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் இதே பேச்சுதான்: "நீங்க எங்க சேக்கப் போறீங்க?"

காரைக்குடி 2024-ல்தான் மாநகராட்சி ஆனது. ஆனால் ஊர் அதற்கு வெகுநாள் முன்பே வெளியே நீண்டுவிட்டது. கருவேலம் மண்டிக் கிடந்த செம்மண் பொட்டலில் பிளாட் போட்டார்கள், வீடுகள் எழும்பின, பிள்ளைகள் பெருகினார்கள். பள்ளிக்கூடங்கள் மட்டும் பழைய கிராமத்துக் கணக்கிலேயே நிற்கின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம்.

தனியார் பள்ளியை நாங்கள் யோசிக்கவில்லை. பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளுக்குள் எது என்பதுதான் எங்கள் கேள்வி. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் விடுப்பு கிடைத்த நாளிலெல்லாம் போய்ப் பார்த்தேன். மூன்று பள்ளிகளில் அரை நாளாவது உட்கார்ந்திருந்தேன். பள்ளிகளின் பெயரைப் போடவில்லை. ஒரு டீச்சர் மாற்றலாகிப் போனாலே நான் எழுதியது மாறிவிடும். எந்த வகைப் பள்ளி என்று தெரிந்தால் போதும், உங்கள் பக்கத்தில் அதே வகைப் பள்ளியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை. இரண்டாவது, டவுனில் இருக்கும் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை, பஸ்ஸில் போக வேண்டும். மூன்றாவது, அந்தக் காலத்தில் நகரத்தார் குடும்பம் ஒன்று தொடங்கி இன்று அரசு உதவி பெற்று நடக்கும் பள்ளி. மாநகராட்சிப் பள்ளிகளும் டவுனில் உண்டு. சலுகைகள் என்று பார்த்தால் அவை அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும் என்பதால் அவற்றைத் தனியாகப் பிரித்துப் பேசவில்லை.

எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகம் ஒன்றுதான். புத்தகம், நோட்டு, பை, செருப்பு எல்லாம் இலவசம். சத்துணவில் பேர் கொடுத்தால் சீருடையும் கிடைக்கும், மதியம் சாப்பாடும் முட்டையும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போட மாட்டார்கள். இதில் எதையும் வைத்து ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆனால் அந்த "ஃபெயில் கிடையாது" என்பதை நான் நிறைய யோசித்தேன். பிள்ளையைத் தேக்கி வைப்பது சரியில்லைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை என்பதை மார்க் ஷீட் நமக்குச் சொல்லாது, ஒரு மனுஷிதான் கவனித்துச் சொல்ல வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரையிலான மூன்று வருஷத்தில் யாரும் கவனிக்காமலே ஒரு பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எட்டை முடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம். 2025-ல் அரசே 6 முதல் 9 வரை படிக்கிறவர்களுக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு அடிப்படைகளைச் சரிசெய்ய 'திறன்' என்று ஒரு பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. பிரச்சினை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. என் மகளுக்குப் பின்னம் தகராறு. அதனால் ஒவ்வொரு பள்ளியிலும் நான் தேடிய முதல் விஷயம், இவளுக்குப் பின்னம் வரவில்லை என்பதை எத்தனை நாளில் யார் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான்.

நடுநிலைப் பள்ளிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். சீக்கிரமே போய்விட்டேன். வராண்டாவில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரவா கிச்சடி, சாம்பார். தூண் ஓரமாக ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோளில் இரண்டு பைகள், ஒன்று தம்பியுடையது. காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைதான். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்ததிலிருந்து என் மகளும் மூன்று வருஷமாக அப்படித்தான் சாப்பிட்டாள். ஆறாம் வகுப்புக்குப் போன அன்றைக்கு அது நின்றுவிடும். பத்து வயதில் பசித்த வயிறு பதினொரு வயதில் பசிக்காமல் போய்விடுமா? இதை எட்டு வரைக்கும் நீட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை, எங்கே கேட்டாலும் சொல்வேன்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். விசேஷ வீட்டுச் சமையலுக்குப் போகிறவர்கள், ரைஸ் மில்லுக்குப் போகிறவர்கள். பிள்ளை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏழு மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி என்றால் எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். தூரத்தை நாம் கிலோமீட்டரில் கணக்குப் போடுகிறோம், பிள்ளையின் வயிற்றை வைத்துப் போடுவதில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். ஆறில் பதினான்கு பேர், ஏழில் பதினேழு, எட்டில் பத்தொன்பது. பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, "உள்ள வந்து உக்காந்து பாருங்கம்மா, ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடம். ஒரு பெண் பிள்ளை கரும்பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறாள். என் மகள் செய்கிற அதே தப்பு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. "உங்கப்பா என்ன வேலடா பாக்குறாக?" என்று முன் பெஞ்சுப் பையனைக் கேட்டார். ஆத்தங்குடிக் கல் பதிக்கிற வேலை. "அப்ப நீ வா." அவன் வந்து பலகையில் ஒரு சதுரக் கல்லை வரைந்தான். டீச்சர் அதை ஆறு பங்காக்கச் சொன்னார். பாதிக்குச் சிவப்புப் பூசு என்றார், மூன்று பங்கு சிவந்தது. மூன்றில் ஒன்றுக்குப் பச்சை, இரண்டு பங்கு போனது. "இப்ப பூசாம எத்தன இருக்கு?" ஒன்று. "அப்ப பூசுனது எத்தன?" அந்தப் பெண் பிள்ளை தானே எழுந்துபோய், தன் விடையைக் கையால் அழித்துவிட்டு ஆறில் ஐந்து என்று எழுதினாள். சுண்ணாம்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் பள்ளி பள்ளியாக அலைந்தேன் போலிருக்கிறது.

இனி அந்தப் பள்ளியின் குறை. மூன்று வகுப்புக்கும் சேர்த்துப் பட்டதாரி ஆசிரியர்கள் மூன்று பேர் இருக்க வேண்டும். இருப்பது இரண்டு பேர். அறிவியல் இடம் காலி. வேறு பள்ளியிலிருந்து ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து நடத்துகிறார். மற்ற நாளில் கணக்கு டீச்சரே அறிவியலையும் இழுத்துப்போட்டுக்கொள்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது வேண்டும். அதில் அறிவியலும் கணக்கும் நடத்த ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று இருக்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கும் உண்டு. சின்னப் பள்ளியில் தலைக்கணக்கு எப்போதும் சரியாக வந்துவிடும், பாடக் கணக்கில்தான் இடிக்கும். பதினான்கு பேருக்கு ஒரு டீச்சர் என்று பெருமைப்பட்டால் போதாது, அறிவியலுக்கு யார் என்று கேட்க வேண்டும்.

ஓவியம், உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்தான், வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறார். மைதானம் என்பது கொடிக்கம்பத்தைச் சுற்றிய இடம். வானவில் மன்றக் கருத்தாளர் வந்து சோதனை செய்து காட்டிவிட்டுப் போகிறார் என்றார்கள். 2022 நவம்பரில் தொடங்கிய திட்டம் அது, 6 முதல் 8 வரை படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே வந்தது. அன்றைக்கு நான் பார்க்கவில்லை, ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எலுமிச்சம் பழத்தில் ஆணி குத்திக் குட்டி விளக்கை எரிய வைத்ததை எனக்குக் கையால் செய்தே காட்டினான். மறக்கவில்லை என்றால் மனதில் நின்றிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

டவுன் மேல்நிலைப் பள்ளிக்கு வருவோம். நுழைந்ததும் பிரமிப்பாக இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனி டீச்சர். ஆய்வகம், நூலகம், முழுநேர உடற்கல்வி ஆசிரியை. செப்டம்பரில், நம் ஊரில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வு நிறுவனத்துக்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நம் ஊருக்குள்ளேயே இவ்வளவு பெரிய ஆய்வுக்கூடம் இருந்தும், புறநகர் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதன் மதில் சுவரை மட்டும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆறாம் வகுப்பு மட்டும் ஐந்து பிரிவு. நான் உட்கார்ந்த பிரிவில் ஐம்பத்திரண்டு பேர். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று அங்கே படிக்கிறது. அவள் எப்படிப் படிக்கிறாள் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். பள்ளி திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் பேரைக் கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார், பிறகு நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து பிரிவுக்கும் பாடம் எடுக்கிறவர், ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது முகம். யாராக இருந்தாலும் அதுதான் நடக்கும். ஆனால் மூன்றாவது வரிசை ஓரத்தில் அந்தப் பிள்ளை, டீச்சர் தன்னைக் கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சூட்டிகையான பிள்ளைக்கு, தானே போய் டீச்சரிடம் சந்தேகம் கேட்கிற பிள்ளைக்கு, இந்தப் பள்ளிதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாட்டு, பேச்சு, ஓட்டம் என்று எதில் முளை விட்டாலும் வளர இடம் இருக்கிறது. கலைத் திருவிழாவில் மாவட்டம் வரைக்கும் போன பிள்ளைகளின் படம் அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறது. இன்னொரு நல்லது, எட்டு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு அலைய வேண்டாம், பன்னிரண்டு வரை ஒரே இடம்.

பஸ்தான் தொல்லை. காலை ஏழே முக்காலுக்கு ஒன்று, அதை விட்டால் எட்டே முக்கால்தான். அதில் போனால் வழிபாட்டுக் கூட்டம் முடிந்திருக்கும். சாயங்காலம் வீடு சேர ஐந்தரை ஆகிறது. ஷேர் ஆட்டோவுக்கு மாதம் ஆயிரத்து இருநூறு கேட்டார்கள். அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஆட்டோவுக்கு வருஷம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கொடுப்பது என்றால் எங்களுக்குப் பாரம்.

பெண் பிள்ளையை வைத்திருக்கிற தாய்மார்கள் மறக்கக் கூடாத இன்னொன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை பெரியவளாகிவிடும். கழிப்பறையைப் பார்க்காமல் எந்தப் பள்ளியையும் முடிவு செய்யாதீர்கள். "கழிப்பறை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உள்ளே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா பாருங்கள். டவுன் பள்ளியில் தண்ணீர் நன்றாக வந்தது, ஆனால் பத்து நிமிஷ இடைவேளையில் வரிசை மரத்தடி வரைக்கும் நின்றது. பாதிப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம் என்று ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை சொன்னாள். நடுநிலைப் பள்ளியில் இரண்டே கழிப்பறை, வரிசை இல்லை, ஆனால் மோட்டார் கெட்டு ஒரு வாரம் தண்ணீர் வராமல் இருந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஆளைக் கூட்டி வந்து சரிசெய்தாராம். நாப்கின் கேட்டால் கொடுக்கிறார்களா என்று இரண்டு இடத்திலும் பிள்ளைகளிடமே கேட்டேன். டவுனில் "கேக்கக் கூச்சமா இருக்கும்" என்றார்கள். இங்கே "பெரிய டீச்சர் மேச டிராயர்ல இருக்கும், நாங்களே எடுத்துக்குவோம்" என்றார்கள்.

மூன்றாவது, உதவிபெறும் பள்ளி. அழகில் அதற்கு முன் எதுவும் நிற்காது. உயரமான வாசல், தேக்குத் தூண், வெயில் தெரியாத வகுப்பறை, வேப்ப மரங்கள் சூழ்ந்த பெரிய மைதானம். கொண்டு விற்கப் போன இடத்தில் சம்பாதித்ததை ஊருக்குப் பள்ளிக்கூடமாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் செட்டிநாட்டில் எத்தனையோ பேர். கவிஞர் முடியரசன் சுமார் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தது காரைக்குடியில் மீனாட்சி சுந்தரேசுவரர் பள்ளியில்தான், அதுவும் உதவிபெறும் பள்ளிதான். அந்த மரபு இன்னும் இருக்கிறது. ஒழுங்கு, கையெழுத்து, மேடைப் பேச்சு இதெல்லாம் இந்த வகைப் பள்ளியில் நன்றாக வரும். தமிழ் வழிக்குக் கட்டணம் இல்லை. ஆங்கில வழிப் பிரிவு நிர்வாகத்தின் பொறுப்பில் நடப்பது, அதற்கு மட்டும் கட்டணம் கேட்டார்கள்.

அங்கேயே சேர்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார். எனக்கும் மனசு இழுத்தது. தடுத்தது 7.5 சதவீதம்.

இதை நிறையப் பேர் பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரிந்துகொள்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை என்ன தெரியுமா? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினாலும் செல்லாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு மாறியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். உதவிபெறும் பள்ளி வராது. தனியார் பள்ளியை யோசிக்கவில்லை என்று முதலில் சொன்னேனே, அதற்கும் பெரிய காரணம் இதுதான்.

என் நாத்தனார் மகள் ஆறு முதல் எட்டு வரை உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதுக்கு அரசுப் பள்ளிக்கு மாறினாள். பன்னிரண்டு முடித்து, நீட் எழுதி, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் அளவுக்கு மார்க்கும் வாங்கினாள். விண்ணப்பத்துக்கு ஆறிலிருந்து படித்த சான்று கேட்டபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் நாத்தனார் யாருடைய போனையும் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது வேதியியல் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆனால் பதினொரு வயதில் பெரியவர்கள் எடுத்த முடிவுக்குப் பதினெட்டு வயதில் அவள் அழுததை நான் பார்த்தேன். என் மகள் டாக்டராக வேண்டும் என்று நான் எதையும் கட்டிவைக்கவில்லை. அவள் பின்னால் எதைக் கேட்டாலும் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்கியது. இப்போது உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தபோதே அப்படித்தான் வந்தது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வும் இரண்டு வகைப் பள்ளிக்கும் பொது. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்து, தேர்வில் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். நீங்கள் பார்க்கப் போகிற பள்ளியில் போன வருஷம் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலைச் சொல்கிற வேகத்திலேயே நிறையத் தெரிந்துவிடும். நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பத்தொன்பது பேரையும் எழுத வைத்திருந்தார்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பயிற்சி.

எதிர்வீட்டுத் தம்பி மகன் ஓட்டக்காரன். காலையில் எழுந்து ஊருணிக் கரையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிற பிள்ளை. அவனுக்கு நான் உதவிபெறும் பள்ளியைத்தான் சொன்னேன். 7.5 போனாலும் பரவாயில்லை, அவனுக்கு அந்த மைதானமும் அந்த விளையாட்டு ஆசிரியரும் வேண்டும். அவர்களும் யோசித்துவிட்டு அங்கேதான் சேர்க்கப் போகிறார்கள்.

கேந்திரிய வித்யாலயாவைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டார்கள். மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை, ஆறாம் வகுப்பில் காலி இடம் இருந்தால்தான் சேர்க்கை. தமிழ் அங்கே வழக்கமான பாடமாக இருக்காது, நான் சொன்ன மாநிலச் சலுகைகளும் கிடையாது. எங்களுக்கு அது ஒத்துவராது.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதில் என் அத்தைக்கும் எனக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிடச் சொன்னார்கள். "பின்னாடி காலேஜுல கஷ்டப்படுவா ஆத்தா." அவர்கள் பயமும் பொய்யில்லை. ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது செல்லும். ஐந்து வருஷம் தமிழில் படித்துவிட்டு ஆறில் மாற்றினால் அது போய்விடும். அதோடு, பின்னமே இப்போதுதான் பிடிபடுகிறது, அதை இன்னொரு மொழியில் புதிதாகக் கற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலீஷை ஒரு பாடமாக நன்றாகப் படிக்கட்டும். இந்த விஷயத்தில் நான் அத்தை பேச்சைக் கேட்கவில்லை.

கடைசியில் நடுநிலைப் பள்ளியில்தான் சேர்க்கிறோம். பதினான்கு பேர் வகுப்பு, நடந்து போகும் தூரம், பின்னத்தைக் கல்லில் பூசிக் காட்டுகிற டீச்சர், 7.5-க்கும் பழுதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு டவுன் மேல்நிலைப் பள்ளி. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, பஸ்ஸில் போய் வரவும், ஐம்பது பேருக்கு நடுவில் கையைத் தூக்கிக் கேட்கவும் தெரிந்துவிடும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, மறைக்க மாட்டேன். எட்டு முடிந்ததும் "பஸ்ல அனுப்பணுமே" என்று பெண் பிள்ளையை நிறுத்திவிடுகிற வீடுகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி யாராவது சொல்லக்கூடும் என்று தோன்றினால், கண்ணை மூடிக்கொண்டு ஆறிலேயே பன்னிரண்டு வரை உள்ள பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கே படிப்பு எட்டில் அறுந்துபோகாது.

சேர்க்கப் போகும்போது பழைய பள்ளியில் டி.சி.யோடு எமிஸ் எண்ணையும், அதாவது கல்வித் துறைக் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எண்ணையும், கேட்டு வாங்குங்கள். ஆதாரில் உள்ள பேரும் டி.சி.யில் உள்ள பேரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். என் மகளுக்கு ஒரு இனிஷியல் மாறியிருந்தது, அதைத் திருத்த மூன்று நடை நடந்தேன். சாதிச் சான்றும், பிள்ளை பேரில் ஒரு வங்கிக் கணக்கும் இருந்தால் நல்லது, உதவித்தொகை எல்லாம் அதில்தான் வரும். அப்புறம், ஆறிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எந்தப் பள்ளி என்பதற்கு ஒரு சான்றை இப்போதிருந்தே கோப்பில் போட்டு வையுங்கள்.

காலியாக இருக்கும் அறிவியல் ஆசிரியர் இடத்துக்காகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தெருவில் ஐந்து முடிக்கிற ஏழு பேரில் நாலு பேர் இந்தப் பள்ளிக்குத்தான் வருகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் கூட்டத்துக்கு நாங்கள் நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து போவதாகப் பேசியிருக்கிறோம். என் அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.